கோபத்தைப் பெட்டியில் போட்டு மூடலாமா? - பிரெஞ்சு கற்கும் சுட்டிகளுக்கான படக்கதைகள்!

மூன்று வயதுக் குழந்தை. புது வகுப்பறை, புது முகங்கள். கையில் வைத்திருந்த பொம்மைக் காரைப் பக்கத்துக் குழந்தை பிடுங்கிக்கொள்கிறது. "அது என்னோடது, குடு!" என்று தமிழில் கத்தினால் அங்கே யாருக்கும் புரியாது. பிரெஞ்சில் சொல்ல வார்த்தை தெரியாது. அடுத்த நொடி என்ன நடக்கும்? கை நீளும், இல்லையென்றால் பல் பதியும். மாலையில் அழைத்துவரப் போகும் அம்மாவுக்கு டீச்சரிடமிருந்து புகார் காத்திருக்கும்.

பாரிஸ், மொன்றியல் போன்ற ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. பிரான்ஸில் 2019 முதல் மூன்று வயதிலேயே பள்ளிப்படிப்பு கட்டாயம். 'மத்தெர்னெல்' என்று சொல்லப்படும் மழலையர் பள்ளிக்கு, வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தையும் போயாக வேண்டும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில், 1977-ல் வந்த மொழிச் சட்டத்தின்படி குடியேறியவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சு வழிப் பள்ளியில்தான் சேர வேண்டும். நம் புதுச்சேரியிலோ 1826-ல் தொடங்கப்பட்ட பிரெஞ்சுப் பள்ளி இன்றும் நடக்கிறது. அங்கே படிக்கும் பல பிள்ளைகளுக்கு வீட்டு மொழி தமிழ்தான்.

புது மொழிக்குள் நுழையும் சிறு குழந்தைகள் சில வாரங்கள், சில சமயம் மாதக்கணக்கில் வாயே திறக்காமல் கவனித்துக்கொண்டிருப்பது சகஜம். வார்த்தைதான் வருவதில்லையே தவிர, அந்த நாள்களில் கோபமும் அழுகையும் வழக்கம்போல வரும். வழக்கத்தைவிட அதிகமாகவும் வரும்.

இந்த இடத்தில்தான் பிரெஞ்சு ஆசிரியர்கள் படக்கதைப் புத்தகத்தைக் கையில் எடுக்கிறார்கள். கோபத்தைப் பற்றி மட்டுமே பேசும் படக்கதைகள் அந்த மொழியில் ஏராளம். அவை எப்படி வேலை செய்கின்றன? தமிழ் பேசும் அம்மா, அப்பா அவற்றை எப்படிப் பயன்படுத்தலாம்?

ராபர்ட்டும் சிவப்புப் பூதமும்

பிரான்ஸில் கோபம் பற்றிய குழந்தைப் புத்தகம் என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 'க்ரோஸ் கொலேர்'. 'பெருங்கோபம்' என்று தமிழில் சொல்லலாம். எழுதி, படம் வரைந்தவர் மிரேய் தலான்ஸே. 1965-ல் தொடங்கிய புகழ்பெற்ற குழந்தைப் பதிப்பகமான 'லேகோல் தே லுவாசிர்' 2000-ம் ஆண்டில் இதை வெளியிட்டது.

கதை மிக எளிது. ராபர்ட் என்ற சிறுவனுக்கு அன்று எதுவுமே சரியாகப் போகவில்லை. வீட்டுக்கு வந்தால் அப்பா ஷூவைக் கழற்றச் சொல்கிறார். சாப்பாட்டுக்குக் கீரை. 'வேணாம்' என்று முரண்டு பிடிக்கிறான். 'கோபம் தணிந்த பிறகு கீழே வா' என்று அப்பா அவனை மாடியறைக்கு அனுப்பிவிடுகிறார். அங்கே அவன் வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று மேலே மேலே ஏறி, வாய் வழியாக வெளியே குதிக்கிறது. சிவப்பு நிறத்தில், அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு பூதம்!

பூதம் படுக்கையைக் கலைக்கிறது, விளக்கைத் தள்ளுகிறது, புத்தக அலமாரியைச் சாய்க்கிறது. ராபர்ட் முதலில் தடுப்பதில்லை. பூதம் அவனுக்குப் பிடித்த பொம்மை மீது கை வைத்ததும்தான் பதறிப்போய் நிறுத்தச் சொல்கிறான். பிறகு கவிழ்ந்ததை நிமிர்த்துகிறான், கலைந்ததைச் சரிசெய்கிறான், அடிபட்ட சாமான்களுக்கு ஆறுதல் சொல்கிறான். அவன் ஒவ்வொன்றாகச் சீராக்கச் சீராக்க, பூதம் சுருங்கிக்கொண்டே போகிறது. கடைசியில் உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்ட அதை ஒரு சின்னப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, கீழே இறங்கிப் போய், சாப்பாட்டுக்குப் பிந்தைய இனிப்பு மிச்சம் இருக்கிறதா என்று அப்பாவிடம் கேட்கிறான். அவ்வளவுதான் கதை.

'கோபத்தைப் பெட்டியில் அடைப்பதா? அடக்கி வைக்கச் சொல்லிக் கொடுப்பது ஆகாதா?' என்று ஒரு பெரியவருக்குத் தோன்றலாம். வரிசையைக் கவனித்தால் விடை கிடைக்கும். பூதம் பெரிதாக இருக்கும்போது ராபர்ட் அதை அடைக்க முயல்வதே இல்லை. அது வெளியே வருகிறது. சேதம் கண்ணுக்குத் தெரிகிறது. சேதத்தை அவனே சரிசெய்கிறான். அதன் பிறகுதான் பெட்டி. 'நீ கெட்ட பையன்' என்று கதையில் யாரும் அவனைச் சொல்வதில்லை. பூதம் வேறு, பையன் வேறு. இந்த ஒரு வித்தியாசம் குழந்தைக்குப் புரிந்தால் போதும். புத்தகத்துக்குக் கொடுத்த காசு வீண் இல்லை.

படம் முதலில், சொல் அப்புறம்

மொழி தெரியாத குழந்தைக்கு இந்தக் கதை எப்படிப் புரிகிறது? கோபத்துக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை என்பதால்தான். சுருங்கிய புருவம், இறுகிய உதடு, சிவந்த முகம் ஆகியவற்றை எந்த ஊர்க் குழந்தையும் அடையாளம் கண்டுகொள்ளும். அர்த்தம் படத்திலேயே கிடைத்துவிடுவதால், டீச்சர் வாசிக்கும் சொல் அந்த அர்த்தத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது.

இன்னொன்று, திரும்பத் திரும்ப வருதல். பூதம் ஒவ்வொரு பொருளாகத் தள்ளும். ராபர்ட் ஒவ்வொரு பொருளாக எடுத்து வைப்பான். படுக்கை, விளக்கு, அலமாரி என்று ஓர் அறைக்குள் இருக்கும் சொற்களெல்லாம் கதையோடு சேர்ந்து மனதில் பதிந்துவிடுகின்றன. ஐந்தாறு முறை கேட்ட பிறகு, அடுத்து விழப்போவது எது என்பதைக் குழந்தையே முந்திக்கொண்டு சொல்லும். பல குழந்தைகள் வகுப்பில் வாய் திறக்கும் முதல் தருணம் இப்படித்தான் அமைகிறது.

இன்னும் நான்கு புத்தகங்கள்

'மேக்ஸும் பூதங்களும்': மாரிஸ் செண்டாக் 1963-ல் எழுதிய அமெரிக்கப் படக்கதை இது. பிரெஞ்சில் 'மாக்ஸ் ஏ லே மாக்ஸிமோன்ஸ்த்ர்' என்ற பெயரில் 1967-ல் வந்தது. சேட்டை செய்த மேக்ஸை, சாப்பாடு போடாமலே படுக்கைக்கு அனுப்பிவிடுகிறாள் அம்மா. அவன் பூதங்களின் தீவுக்குப் படகேறிப் போய், அங்கே ராஜாவாகி, ஆட்டம் போட்டுக் களைத்து வீடு திரும்புகிறான். மேசையில் சாப்பாடு சூடாகக் காத்திருக்கிறது. 'திட்டினாலும் அம்மா அம்மாதான்' என்பதைப் போதனை இல்லாமல் சொன்ன கதை. நடுவில் சில பக்கங்களில் எழுத்தே கிடையாது. பிரெஞ்சு தெரியாத அம்மாகூட அந்தப் பக்கங்களை வாசித்துக் காட்டலாம்.

'உணர்ச்சிகளின் நிறம்': ஸ்பெயினைச் சேர்ந்த அன்னா யேனாஸின் புத்தகம். மூலம் ஸ்பானிஷ் மொழியில், 2012-ல் வெளியானது. பிரெஞ்சு மழலையர் வகுப்புகளில் இன்று மிகப் பிரபலம். எல்லா நிறமும் கலந்து குழம்பிப்போன ஒரு குட்டிப் பூதம், தன் உணர்ச்சிகளைத் தனித்தனிக் கண்ணாடி ஜாடிகளில் பிரித்து வைக்கிறது. மகிழ்ச்சி மஞ்சள், சோகம் நீலம், கோபம் சிவப்பு, பயம் கறுப்பு, அமைதி பச்சை. நிறங்களின் பெயர்கள்தான் மொழி கற்கும் குழந்தை முதலில் பழகும் சொற்கள் என்பதால், ஆரம்பநிலைக்கு இதைவிடப் பொருத்தமான புத்தகம் கிடைப்பது கடினம்.

'கஸ்தோன்' வரிசை: கஸ்தோன் ஒரு ஒற்றைக் கொம்புக் குதிரைக்குட்டி. சாதாரண நாளில் அதன் பிடரிமயிர் வானவில் நிறத்தில் இருக்கும். மனநிலை மாறினால் நிறமும் மாறிவிடும். கோபத்துக்கென்று தனிப் புத்தகம் இருக்கிறது. கதையோடு சேர்த்து, குழந்தை செய்து பார்க்கக்கூடிய மூச்சுப் பயிற்சியும் உண்டு. 'மூச்சை இழு, மூச்சை விடு' என்ற இரண்டு பிரெஞ்சுக் கட்டளைகளை உடம்பாலேயே கற்றுக்கொண்டுவிடலாம்.

'பான்ஷியின் கோபம்': ழான்-பிரான்சுவா ஷபாஸ் எழுத, தவித் சலா வரைந்து, 2010-ல் வந்தது. ஒரு சிறுமியின் ஆத்திரம் கடலையும் காற்றையும் கொந்தளிக்க வைக்கிறது. படங்கள் பொன்னிறத்தில் ஜொலிக்கும். மொழி மட்டும் கொஞ்சம் கனமானது. இரண்டு மூன்று வருடங்கள் பிரெஞ்சு படித்த பிள்ளைகளுக்கு ஏற்றது.

மூக்கில் ஏறும் கடுகு

கோபத்துக்கு பிரெஞ்சில் 'கொலேர்'. பித்தத்தைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லில் இருந்து லத்தீன் வழியாக வந்தது. நம் ஊரில் 'பித்தம் தலைக்கேறிடுச்சு' என்கிறோமே, அதற்குத் தூரத்து உறவு மாதிரி!

தமிழில் கோபம் நமக்கு 'வரும்'. எங்கிருந்தோ வரும், பிறகு போய்விடும். பிரெஞ்சிலோ 'ஜ சுயி ஆன் கொலேர்', அதாவது 'நான் கோபத்துக்குள் இருக்கிறேன்'. உள்ளே இருந்தால் வெளியேயும் வந்துவிடலாம் அல்லவா? ஆணுக்கும் பெண்ணுக்கும் சொல் மாறும் பிரெஞ்சு இலக்கணத்தில், இந்த வாக்கியம் இருவருக்கும் ஒன்றுதான். அதனால் ஆசிரியர்கள் தயங்காமல் முதல் மாதத்திலேயே சொல்லிக் கொடுக்கலாம்.

சட்டென்று கோபப்படுகிறவரை பிரெஞ்சுக்காரர்கள் 'பால் சூப்' என்பார்கள். அடுப்பில் வைத்த பால் கண்ணிமைக்கும் நேரத்தில் பொங்கி வழியும் இல்லையா, அதுதான். பொறுமை எல்லை மீறினால், 'கடுகு என் மூக்கில் ஏறுகிறது' என்பார்கள். அவர்களின் கடுகு விழுது அவ்வளவு காரம். நமக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. அவர்களுக்கு மூக்குக்குள் கடுகு ஏறுகிறது. இந்த ஒப்பீட்டைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், சிரித்துக்கொண்டே நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

'அடி'க்குப் பதில் ஒரு வாக்கியம்

கதை முடிந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டால் பாதி வேலைதான் ஆனது. பிரெஞ்சுப் பள்ளிகள் பலவற்றில் 'மெஸாஜ் க்ளேர்' என்றொரு பழக்கம் இருக்கிறது. 'தெளிவான சேதி' என்று பொருள். ஒரு குழந்தை இன்னொரு குழந்தையைச் சீண்டினால், சீண்டப்பட்ட குழந்தை நேராகப் போய் மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும். நீ என்ன செய்தாய், அதனால் எனக்கு எப்படி இருந்தது, இனி நீ என்ன செய்ய வேண்டும். 'நீ என் காரைப் பிடுங்கினே. எனக்குக் கோபமா இருக்கு. திருப்பிக் குடு.' கேட்கிற குழந்தை, புரிந்ததா என்று பதில் சொல்ல வேண்டும்.

மொழி கற்கும் குழந்தைக்கு இதில் நடுவில் இருக்கும் வாக்கியம்தான் முக்கியம். அதைத்தான் படக்கதை கொடுக்கிறது. கடித்துவிட்டு 'முரட்டுக் குழந்தை' என்ற பெயர் வாங்குவதும், 'எனக்குக் கோபமா இருக்கு' என்று சொல்லி வகுப்பில் ஓர் ஆளாக நிற்பதும் மூன்றே மூன்று சொற்களின் வித்தியாசம். புது நாட்டில் முதல் வருடத்தில் ஒட்டிக்கொள்ளும் பெயர் லேசில் போகாது என்பது குடிபெயர்ந்த பெற்றோருக்குத் தெரியும்.

சொல்லுக்கு அப்படி என்ன சக்தி? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மேன் குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று பிரபலம். கோப முகங்களின் படத்தைப் பார்த்து, அந்த உணர்ச்சிக்குப் பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, மூளையில் பயத்துக்கும் பதற்றத்துக்கும் தொடர்புடைய 'அமிக்டலா' பகுதியின் செயல்பாடு தணிந்ததாக அவர்கள் கண்டார்கள். ஆய்வில் பங்கேற்றவர்கள் பெரியவர்கள். ஆனாலும், உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது அதன் வேகத்தைக் குறைக்கும் என்ற எண்ணத்தை நம்பித்தான் உலகம் முழுக்க மழலையர் ஆசிரியர்கள் செயல்படுகிறார்கள்.

தமிழை விட்டுவிடாதீர்கள்!

இங்கேதான் நம் பெற்றோர் பலர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். 'பிள்ளைக்கு பிரெஞ்சு வரணும், அதனால் வீட்டிலும் பிரெஞ்சிலேயே பேசுவோம்.' கோபம் விஷயத்தில் இது சரிப்படாது.

லண்டன் பேராசிரியர் ழான்-மார்க் தெவேல், பல மொழி பேசுகிறவர்கள் எந்த மொழியில் கோபப்படுகிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2010-ல் புத்தகமாகவே எழுதினார். பிற்பாடு கற்ற மொழியில் எவ்வளவு சரளமாகப் பேசினாலும், கோபம் வரும்போது பலரும் முதல் மொழிக்கே திரும்புகிறார்கள் என்பது அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு. யோசித்துப் பார்த்தால் நமக்கே தெரியும். ஆபீஸில் நாள் முழுக்க ஆங்கிலத்தில் பேசுகிறவர்கூட, கதவிடுக்கில் விரல் நசுங்கினால் 'ஐயோ அம்மா' என்றுதான் கத்துவார்.

ஆகவே, வகுப்பில் சொல்ல ஒரு பிரெஞ்சு வாக்கியம் வேண்டும். வீட்டில் அழுது தீர்க்க, ஏன் கோபம் என்று விளக்க, மடியில் படுத்துக்கொண்டு சமாதானம் ஆகத் தமிழ் வேண்டும். 'கோபமா? எரிச்சலா? ஏமாத்தமா? பொறாமையா? வெக்கமா?' என்று தமிழில் பிரித்துக் கேட்டுப் பழகிய குழந்தைக்கு, அதே வித்தியாசங்களை பிரெஞ்சில் பிடிப்பது சுலபம். உணர்ச்சி ஏற்கெனவே புரிந்துவிட்டதால், புதிதாகக் கற்க வேண்டியது பெயரை மட்டும்தான்.

பெற்றோருக்கு பிரெஞ்சு தெரியாது என்பது ஒரு குறையே இல்லை. படத்தைக் காட்டித் தமிழில் கதை சொல்லுங்கள். ராபர்ட் வீட்டுக் கீரை உங்கள் வீட்டில் பாகற்காயாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

வீட்டில் எப்படி வாசிப்பது?

* கோபம் தலைக்கேறியிருக்கும் நேரத்தில் புத்தகத்தை நீட்டாதீர்கள். கத்தி அழும் குழந்தைக்கு அப்போது கதை கேட்காது. புத்தகமே தண்டனைப் பொருளாகிவிடும். தூங்கப் போகும் முன், எல்லோரும் அமைதியாக இருக்கும்போது வாசியுங்கள்.

* முதல் முறை வெறும் படம். 'இவன் முகத்தைப் பாரு, என்ன ஆச்சு?' என்று தமிழில் கேளுங்கள். இரண்டாம் முறை தமிழில் கதை. மூன்றாம் முறை பிரெஞ்சு.

* ஒரு புத்தகத்துக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். அதையே விளையாட்டில், பொம்மைகளின் வாயில், சாப்பாட்டு நேரத்தில் சொல்லிப் பழகுங்கள்.

* வாசித்ததும் 'நீயும் இப்படித்தானே நேத்து பண்ணே' என்று குத்திக்காட்டாதீர்கள். பூதத்தைப் பற்றிப் பேச விரும்பும் குழந்தை, தன்னைப் பற்றிப் பேசும்போது வாயை மூடிக்கொள்ளும்.

* உங்கள் வீட்டுக் கோபப் பூதத்தை வரையச் சொல்லுங்கள். அது என்ன நிறம், எங்கிருந்து வரும், எது கொடுத்தால் சின்னதாகும்? பழைய இனிப்பு டப்பா ஒன்றை அதற்கு வீடாகக் கொடுங்கள்.

வாங்கும் முன் கவனியுங்கள்

கோபத்தைப் பற்றி எழுதப்பட்ட எல்லாப் புத்தகங்களும் நல்ல புத்தகங்கள் அல்ல. 'கோபப்படும் குழந்தையை யாருக்கும் பிடிக்காது' என்ற மிரட்டலோடு முடிகிற புத்தகத்தைத் தள்ளி வைத்துவிடலாம். கதையில் கோபத்துக்கு ஒரு காரணம் இருக்கிறதா, குழந்தை தானாகவே ஒரு வழி கண்டுபிடிக்கிறதா, கடைசியில் அன்பு அப்படியே இருக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். அறிவுரை மட்டும் இருந்து கதை இல்லாவிட்டால், இரண்டாவது முறை குழந்தை அதைத் தொடாது.

புதுச்சேரியில் 1889 முதலும், சென்னையில் 1953 முதலும் இயங்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் மையங்களின் நூலகங்களில் பிரெஞ்சுக் குழந்தைப் புத்தகங்களைத் தேடிப் பார்க்கலாம். காசில்லாமல் வேண்டுமென்றால், பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழிலும் பிரெஞ்சிலும் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஏழு வயதைத் தாண்டிய பிள்ளைகள் 'டெல்ஃப் ப்ரிம்' தேர்வுக்குத் தயாராகிறார்கள் என்றால், இந்தப் புத்தகங்களில் வரும் வீடு, உடை, சாப்பாடு, உணர்ச்சி பற்றிய சொற்கள் அதற்கும் கைகொடுக்கும்.

ஒரு விஷயம். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது, தினமும் நீண்ட நேரம் அடங்காத ஆத்திரம், தூக்கமும் சாப்பாடும் கெடுவது போன்றவை தொடர்ந்தால், அதற்குப் புத்தகம் தீர்வல்ல. குழந்தைகள்நல மருத்துவரையோ குழந்தை மனநல நிபுணரையோ பாருங்கள்.

பெரியவர்களுக்கும்தான்!

மத்தெர்னெல் கட்டாயமான அதே 2019-ல், பிரான்ஸ் இன்னொரு சட்டத்தையும் கொண்டுவந்தது. பெற்றோர் தங்கள் அதிகாரத்தை உடல்ரீதியாகவோ மனரீதியாகவோ வன்முறை இல்லாமல் செலுத்த வேண்டும் என்று சிவில் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். 'ரெண்டு போட்டாத்தான் அடங்குவான்' என்று வளர்ந்த தலைமுறைக்கு, அந்த நாட்டில் குடியேறும் நம் குடும்பங்களுக்கும் சேர்த்துத்தான், இது பெரிய மாற்றம். இந்தியாவில் பள்ளிகளில் அடிப்பதை 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்கிறது. வீட்டுக்குள் அந்தப் பேச்சு இப்போதுதான் மெள்ளத் தொடங்கியிருக்கிறது.

குழந்தையிடம் 'அடிக்காதே, வாயால சொல்லு' என்று கேட்கும் நாம், நமக்குக் கோபம் வரும்போது என்ன செய்கிறோம்? 'அம்மாவுக்கு இப்போ ரொம்பக் கோபமா இருக்கு. அஞ்சு நிமிஷம் குடு, அப்புறம் பேசலாம்' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். எந்த மொழியில் சொன்னாலும் குழந்தை அதைக் கற்றுக்கொள்ளும்.